தெரியாமல் பார்க்கும் ஆசையும் அதை விற்றவர்களும்

2006-ல் ஆர்குட் என்ற சமூக ஊடகத் தளத்தில் ஒரு சிறு பெட்டி புதிதாக வந்தது. ஒருவரின் புரொஃபைல் பக்கத்துக்குக் கடைசியாக வந்துபோன சிலரின் பெயர்கள் அதில் வரிசையாகத் தெரிந்தன. அதுவரை யாரும் யாருடைய பக்கத்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் புரட்டலாம். யார் யாருக்கு என்ன ஸ்கிராப் என்ற குறுஞ்செய்தி எழுதியிருக்கிறார்கள், யார் யாருக்கு டெஸ்டிமோனியல் என்ற பாராட்டுரை கொடுத்திருக்கிறார்கள் என்று அடிவரை படிக்கலாம். கேட்பாரில்லை. அந்தப் பெட்டி வந்த பிறகு, மணிக்கணக்குக்குப் பணம் கட்டி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், மனதில் இருப்பவரின் பக்கத்தைத் திறப்பதற்கு முன் யோசிக்க வேண்டியதாயிற்று.

வேண்டாதவர்கள் அந்த வசதியை அணைத்துவைக்கலாம். அணைத்தால் தன் பக்கத்துக்கு வந்தவர்களின் பெயரும் தெரியாது. ஃப்ரெண்ட்ஸ்டர் தளம் முந்தைய ஆண்டே இப்படி ஒன்றைத் தொடங்கியிருந்தது. லிங்க்ட்இன் இலவசக் கணக்குகளுக்கு இன்றும் இதே விதிதான்: மறைந்திருந்து பார்க்கிறவருக்கு, தன்னைப் பார்த்தவர் யாரென்று அறியும் உரிமை போய்விடும். சமூக ஊடக நிறுவனங்கள் செய்த ஏற்பாடுகளில் நியாயமானது என்று தயங்காமல் சொல்லக்கூடியவை சிலதான். அவற்றில் இது ஒன்று.

ஆனால் மனம் அந்தச் சமத்தில் நிற்பதில்லை. நான் பார்ப்பது யாருக்கும் தெரியக்கூடாது, என்னைப் பார்ப்பது யாரென்று எனக்குத் தெரிய வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது. இரண்டையும் தருகிறோம் என்று வெளியாட்கள் கடை விரித்ததும் அந்தக் காலத்திலேயே நடந்துவிட்டது. மைஸ்பேஸ் என்ற தளத்தில் அதன் பெயர் டிராக்கர். ஆர்குட்டில் ஆல்பத்தையும் ஸ்கிராப்பையும் பூட்டிவைக்கும் வசதி வந்ததும், பூட்டியதைத் திறக்கும் 'ஸ்கிரிப்ட்' கைமாறத் தொடங்கியது. பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஒரு நீண்ட ஜாவாஸ்கிரிப்ட் வரியை ஒட்டி என்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வரி என்ன செய்யும் என்று ஒட்டியவருக்குத் தெரியாது. ஆர்குட்டில் லாகின் செய்திருக்கும் ஒருவரின் பிரவுசரில் ஓடும் நிரலுக்கு அவருக்கு இருக்கும் எல்லா உரிமையும் இருக்கும். அவர் பெயரில் ஸ்கிராப் போடலாம், குழுக்களில் சேரலாம். லாகின் அடையாளமான குக்கீயை இன்னொரு சர்வருக்கு அனுப்பிவிட்டால், பாஸ்வேர்டு இல்லாமலே கணக்குக்குள் நுழையலாம். இப்படிப்பட்ட நிரலால் என்ன ஆகும் என்பதை 2007 டிசம்பரில் பரவிய ஆர்குட் புழு காட்டியது. வந்த ஸ்கிராப்பைப் பார்த்தாலே போதும். பார்த்தவரை ஒரு குழுவில் சேர்த்துவிட்டு, அவர் நண்பர்களுக்கெல்லாம் அதே ஸ்கிராப்பை அனுப்பியது. சில மணி நேரத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஒருவரின் ஆவல் அவருடைய நண்பர் வட்டத்துக்கே வினையாகும் என்பது அன்றே தெரிந்திருக்க வேண்டியது.

ஃபேஸ்புக், புரொஃபைலைப் பார்த்தவர் யார் என்பதை எப்போதும் காட்டியதில்லை. அதனாலேயே 'உங்கள் புரொஃபைலைப் பார்த்தவர்கள் யார்?' என்ற மோசடி அங்கே பல ஆண்டு ஓடியது. கணினியில் ஃபேஸ்புக்கைத் திறந்து, மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கன்சோல் பகுதிக்குப் போனால், பெரிய சிவப்பு எழுத்தில் 'நிறுத்து' என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரும். ஏதோ வசதி கிடைக்கும், யாருடைய கணக்கையோ திறக்கலாம் என்று சொல்லி இங்கே எதையாவது ஒட்டச் சொன்னால் அது மோசடி என்று அதன் கீழே விளக்கமும் இருக்கும். தேர்ந்த பொறியாளர்கள் மட்டும் வரவேண்டிய இடத்தில் பொதுமக்களுக்கு எச்சரிக்கைப் பலகை வைக்கும் அளவுக்கு அந்த ஏமாற்று பெருகியிருந்தது.

இந்தத் தொழில் முழுவதும் திருட்டாகத் தொடங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தபோது அது ஐபோனுக்கு மட்டும். ஆண்ட்ராய்டுக்கு வந்தது 2012 ஏப்ரலில். கணினியில் ஒருவரின் புரொஃபைல் பக்கத்தை முழுதாகப் பார்க்க 2012 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் பிறந்தவைதான் வெப்ஸ்டாகிராம், ஸ்டாட்டிகிராம் போன்ற வெளித்தளங்கள். 2011-ல் இன்ஸ்டாகிராமே வெளியாருக்கு ஏபிஐ என்ற அதிகாரபூர்வ வாசலைத் திறந்துவிட்டிருந்தது. அந்த வழியில் லாகின் திரை இன்ஸ்டாகிராமுடையது. வெளித்தளத்துக்குக் கிடைப்பது ஒரு டோக்கன் மட்டும். பாஸ்வேர்டு அதன் கண்ணில் படுவதே இல்லை. வேண்டாமென்றால் செட்டிங்ஸில் போய் அனுமதியை ரத்து செய்துவிடலாம். ஸ்டாட்டிகிராம் பிற்பாடு ஐக்கனோஸ்கொயர் என்று பெயர் மாற்றிக்கொண்டு வணிக நிறுவனங்களுக்கான கருவியாக நிலைத்துவிட்டது. கேட்டு வாங்கிய அனுமதி, திரும்பப் பெறக்கூடிய அனுமதி என்ற அந்த முறை மட்டும் நிலைத்திருந்தால் பின்னால் நடந்தவற்றில் பாதி நடந்திருக்காது.

நடந்தவற்றில் மிகக் கொடுமையானது 2014 அக்டோபரில் வெளிவந்தது. ஸ்னாப்சாட்டில் அனுப்பும் படம் சில விநாடிகளில் மறைந்துவிடும். பெற்றவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவருக்குச் செய்தி போகும். இந்த இரண்டையும் மீற உதவியது ஸ்னாப்சேவ்ட் என்ற வெளித்தளம். அங்கே தன் ஸ்னாப்சாட் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால், வரும் படங்களை பிரவுசரில் பார்க்கலாம். அனுப்பியவருக்குத் தெரியாமல் சேமிக்கலாம். அப்படிச் சேமித்த படங்கள் அந்தத் தளத்தின் சர்வரிலும் தங்கின. சர்வரைச் சரியாக அமைக்காததால் ஊடுருவிவிட்டார்கள் என்றும் 500 மெகாபைட் அளவுப் படங்கள் போய்விட்டன என்றும் தளத்தை நடத்தியவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவின. ஸ்னாப்சாட்டைப் பயன்படுத்தியவர்களில் ஏராளமானோர் பதின்வயதுப் பிள்ளைகள் என்பதால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெற்றோர் பதறினார்கள்.

தன் சர்வரில் யாரும் நுழையவில்லை, வெளிச்செயலிகளைப் பயன்படுத்தியதால் வந்த வினை என்றது ஸ்னாப்சாட். முதல் பாதி உண்மை. ஆனால் அந்தப் படங்களை அனுப்பிய பெண்களும் பிள்ளைகளும் எந்த வெளிச்செயலியையும் பயன்படுத்தவில்லை. ஸ்னாப்சேவ்ட் என்ற பெயரைக்கூட அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. பயன்படுத்தியவர் பெற்றவர், அம்பலமானவர் அனுப்பியவர். படம் மறைந்துவிடும் என்று ஸ்னாப்சாட் கொடுத்த வாக்கை வெளிச்செயலிகள் சுலபமாகப் பொய்யாக்கும் என்பதை அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதே ஆண்டு மே மாதமே குற்றச்சாட்டாக வைத்து, அந்த நிறுவனத்தோடு உடன்பாடு கண்டிருந்தது. ஐந்து மாதம் கழித்து அது கண்முன்னே நடந்தது.

இந்தக் கருவிகள் பாதுகாப்பானவையா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் கணக்கை மனதில் வைத்தே கேட்கிறார்கள். வரலாறு காட்டுவது வேறு: பெருநஷ்டம் திரும்பத் திரும்ப, கருவியைத் தொடாதவர் தலையில்தான் விழுந்திருக்கிறது.

2015 நவம்பரில் இன்ஸ்டாஏஜென்ட் என்ற செயலி பிரிட்டனிலும் கனடாவிலும் ஆப் ஸ்டோரின் இலவசப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்தவர் யாரென்று சொல்வோம் என்பது அதன் விளம்பரம். ஜெர்மனியில் செயலி எழுதும் ஒருவர், அது தன் போனிலிருந்து வெளியே என்ன அனுப்புகிறது என்று பரிசோதித்தார். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எந்தக் குறியாக்கமும் இல்லாமல், இன்ஸ்டாகிராமுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. பயனரைக் கேட்காமலே அவர் கணக்கில் விளம்பரப் படங்களையும் அது போட்டது. ஆப்பிளும் கூகுளும் செயலியை நீக்கின. சில மாதங்களில் அதே ஆசாமி வேறு பெயரில் புதுச் செயலிகளோடு இரண்டு கடைகளுக்குள்ளும் திரும்ப வந்துவிட்டார். ஜெர்மானியர் மறுபடியும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆப் ஸ்டோரில் இருக்கிறது, பட்டியலில் மேலே இருக்கிறது என்பதெல்லாம் நம்பகத்தன்மைக்குச் சான்று ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

2017 மார்ச்சில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கூகுள் பிளேயில் 13 செயலிகளைக் கண்டுபிடித்தது. ஃபாலோயர்களைப் பெருக்கித் தருவதாகச் சொன்ன அவை, இன்ஸ்டாகிராம் போலவே தோன்றும் லாகின் திரையைக் காட்டின. விவரத்தைத் தட்டியதும் 'பாஸ்வேர்டு தவறு' என்று வரும். இன்ஸ்டாகிராமின் உண்மையான தளத்துக்குப் போய்க் கணக்கை உறுதிசெய்யுங்கள் என்ற அறிவுரையும் கூடவே வரும். அந்த அறிவுரைக்குள் ஒரு தந்திரம் இருந்தது. வேறு யாரோ உங்கள் கணக்கில் நுழைய முயல்கிறார்கள் என்று இன்ஸ்டாகிராம் பிறகு எச்சரித்தால், தான் இப்போது செய்த லாகினைப் பற்றித்தான் சொல்கிறது என்று பயனர் நினைத்துக்கொள்வார். இப்படி 15 லட்சம் தடவை வரை அந்தச் செயலிகள் இறக்கப்பட்டிருந்தன.

இதற்கு நடுவே, 2016 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் ஸ்டோரி வந்தது. 24 மணி நேரத்தில் மறையும் படங்கள். கூடவே, பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியல். ஆர்குட்டில் இருந்த சமநிலை இதில் இல்லை. பட்டியலை அணைத்துவைக்கப் பார்ப்பவருக்கு வழியே கிடையாது. தெரியாமல் பார்க்கும் கருவிகளுக்குப் பெருஞ்சந்தை உண்டானது அந்த மாதத்தில்தான். சில நாட்களுக்குள் ஓர் இளம் பொறியாளர், கணினியில் ஸ்டோரி பார்க்க குரோம் நீட்சி ஒன்றை வெளியிட்டார். அதில் பார்த்தால் பட்டியலில் பெயர் விழாது. ஸ்டோரியின் படம் போனுக்கு வருவது ஒரு செயல். 'இவர் பார்த்துவிட்டார்' என்று செயலி சர்வருக்குத் திருப்பிச் சொல்வது தனிச் செயல். அவருடைய நீட்சி படத்தை வாங்கிக்கொண்டு இரண்டாவதை அனுப்பாமல் விட்டது. இன்றுள்ள ஸ்டோரி பார்வைத் தளங்களும் இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன. பல தளங்கள் தாங்களே வைத்திருக்கும் கணக்குகள் மூலம் படத்தை எடுத்துக் காட்டுகின்றன. பார்ப்பவர் லாகின் செய்ய வேண்டியதில்லை. பொதுக் கணக்குகளை மட்டுமே அவற்றால் காட்ட முடியும். அந்தக் கணக்குகளை இன்ஸ்டாகிராம் முடக்கும்போதெல்லாம் தளம் படுத்துவிடும். சில நாளில் வேறு முகவரியில் எழும். இன்று நன்றாக ஓடும் தளம் நாளை இருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் வெடித்தது. ஃபேஸ்புக்கில் ஆளுமைத் தேர்வு நடத்திய ஒரு வெளிச்செயலி, தேர்வு எழுதியவர்களின் விவரங்களோடு அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் அள்ளியிருந்தது. உலகெங்கும் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது ஃபேஸ்புக். இந்தியக் கணக்கையும் தனியாகச் சொன்னது. செயலியை நிறுவியவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். ஒருவரின் 'சரி' என்ற ஒரு தட்டல், அவருடைய நண்பர்கள் பலரையும் பாதித்திருக்கலாம். செயலியை நிறுவியவர்களைத் தவிர, அந்த ஐந்தரை லட்சம் பேரில் யாரையும் யாரும் கேட்கவில்லை.

பழி வந்ததும், இன்ஸ்டாகிராமுக்கும் சொந்தக்காரரான ஃபேஸ்புக் நிறுவனம் கதவுகளை அடைத்தது. இன்ஸ்டாகிராம் ஏபிஐயில் ஒரு மணி நேரத்துக்கு 5,000 கோரிக்கை என்றிருந்த வரம்பு முன்னறிவிப்பின்றி 200 ஆனது. அடைக்க வேண்டியதுதான். ஆனால் அடைத்த விதத்தில் தண்டனை அடைந்தவர்கள், முன்வாசல் வழியாக அனுமதி கேட்டு வந்த சிறு தளங்களை நடத்தியவர்கள். பொய்யான லாகின் திரை வைத்து பாஸ்வேர்டு வாங்குகிறவருக்கும், போலிக் கணக்குகளால் படம் சுரண்டுகிறவருக்கும் ஏபிஐ எதற்கு? நாணயமான போட்டி ஒழிந்த சந்தையில் அவர்கள் இன்னும் செழித்தார்கள். அடுத்த ஆண்டே, ஃபேஸ்புக்கின் விளம்பரக் கூட்டாளியாக அங்கீகாரம் பெற்றிருந்த ஹைப்பர் என்ற சான்ஃபிரான்சிஸ்கோ நிறுவனம், மக்களின் ஸ்டோரிகளை இடவிவரத்தோடு சேமித்துவைத்திருந்தது பத்திரிகைச் செய்தியாக வெளிவந்தது. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று நம்பிப் போட்டவை அவை.

அதே 2019-ல் கோஸ்டி என்ற ஆண்ட்ராய்டு செயலி பூட்டிய கணக்குகளையும் திறந்து காட்டியது. இந்தத் தொழில் போன வழியில் இதுதான் உச்சம் என்று சொல்லலாம். கோஸ்டியில் சேர இன்ஸ்டாகிராம் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் பின்தொடரும் பூட்டிய கணக்குகள் எல்லாம் செயலியின் கைக்கு வந்துவிடும். அவற்றை மற்ற உறுப்பினர்களுக்குக் காட்டும். ஒரு பெண் தன் கணக்கைப் பூட்டி, தெரிந்தவர்கள் ஐம்பது பேரை மட்டும் சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பதில் ஒருவர் வேறு யாரையோ வேவு பார்க்க கோஸ்டியில் சேர்ந்தால், அந்தப் பெண்ணின் படங்கள் முன்பின் தெரியாதவர்களுக்குத் திறந்துவிடும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டார் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன சாவியை, பொதுச் சாவிக்கொத்தில் கோத்து வாசலில் தொங்கவிடுவது போன்ற காரியம் இது. கோஸ்டி ஐந்து லட்சத்துக்கும் அதிகமாக இறக்கப்பட்டிருந்தது. செய்தி வெளியானதும் நிறுத்தச் சொல்லி ஃபேஸ்புக் சட்ட அறிவிப்பு அனுப்பியது.

வழக்குகள் அதன்பிறகு வரிசையாக வந்தன. பொதுக் கணக்குகளைச் சுரண்டி இன்ஸ்டாகிராம் நகல் தளங்கள் நடத்தியதாக, துருக்கியைச் சேர்ந்த ஒருவர்மீது 2020 நவம்பரில் ஃபேஸ்புக் வழக்குத் தொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களும் வீடியோக்களும் அவற்றில் இருந்தன. 2022 ஜூலையில் இதே காரணத்துக்காக இன்னொரு வழக்கு. இதில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு அக்டோபரில், ஃபேஸ்புக் லாகினைத் திருடும் 400-க்கும் மேற்பட்ட செயலிகளைக் கண்டதாக, மெட்டா என்று பெயர் மாறியிருந்த அந்த நிறுவனம் அறிவித்தது. நகல் தளத்தில் ஏறிய படத்துக்கு ஒரு தனித் துன்பம் உண்டு. படத்தைப் போட்டவர் மனம் மாறி அதை நீக்கினாலும், கணக்கையே பூட்டினாலும், நகலில் அது அப்படியே கிடக்கும். இன்ஸ்டாகிராமில் நீக்கிய படம் கூகுள் தேடலில் வேறு தளத்திலிருந்து எழுந்து வருவது இப்படித்தான்.

எல்லோரும் கெட்ட நோக்கத்தோடு தெரியாமல் பார்ப்பதில்லை. அடித்த கணவனை விட்டு வந்த பெண், அவன் தன்னைப் பற்றி என்ன எழுதுகிறான் என்று பார்க்க வேண்டியிருக்கும். தான் பார்த்தது அவனுக்குத் தெரிந்தால் ஆபத்து. வெறுப்புப் பேச்சைக் கண்காணிக்கும் பத்திரிகையாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். எந்தக் கணக்குமே வேண்டாம் என்று விலகி நிற்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களை மனதில் வைத்துச் சிலர் மூலநிரலைத் திறந்துவைத்தே கருவிகள் செய்தார்கள். இன்ஸ்டாகிராமுக்கு பிப்லியோகிராம், ட்விட்டருக்கு நிட்டர். லாகின் கேட்கவில்லை, விளம்பரம் போடவில்லை, பார்ப்பவரைப் பின்தொடரவில்லை. நிறுவனங்களின் தடுப்பைத் தாங்க முடியாமல் பிப்லியோகிராமின் வளர்ச்சி 2022-ல் நின்றது. லாகின் இல்லாமல் ட்விட்டரைப் பார்க்கும் வழிகளை அந்நிறுவனம் ஒவ்வொன்றாக மூடியதால், 2024 தொடக்கத்தில் நிட்டரும் முடங்கியது. நல்ல கருவிகளுக்குப் பணபலம் இல்லை என்பதால் அவை முதலில் விழுந்தன. இந்த வரலாற்றில் நிஜமாகவே வருந்த வேண்டிய இழப்பு இது.

அந்த 2024 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று முக்கியமான தீர்ப்புச் சொன்னது. பிரைட் டேட்டா என்ற நிறுவனத்துக்கு எதிராக மெட்டா தொடுத்த வழக்கு. லாகின் செய்யாமல், எல்லோரும் பார்க்கும்படி இருக்கும் விவரத்தைத் திரட்டுவது மெட்டாவின் விதிமுறைகளை மீறியதாகாது என்றார் நீதிபதி. லாகின் என்பதே அந்தத் தீர்ப்பில் எல்லைக்கோடு. சட்டம் தெரியாத சாதாரணப் பயனரும் கருவிகளைத் தரம்பிரிக்க அதே கோட்டை வைத்துக்கொள்ளலாம்.

லாகின் கேட்காமல் பொதுக் கணக்கின் ஸ்டோரியை மட்டும் காட்டும் தளத்தில் பாஸ்வேர்டு போகும் அபாயம் இல்லை. ஆனால் யார் யாரைத் தேடினார் என்பது பார்வையாளரின் ஐபி முகவரியோடு தளத்துக்காரருக்குத் தெரியும். ஸ்டோரி போட்டவருக்குத் தெரியாத அந்தத் தேடல், பெயர் தெரியாத ஒருவரின் சர்வரில் பதிவாகக் கிடக்கலாம். பூட்டிய கணக்கைக் காட்டுகிறேன் என்கிற தளங்கள் பெரும்பாலும் ஒரே நாடகத்தைத்தான் நடத்துகின்றன. பயனர் பெயரைத் தட்டியதும் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகரும். 'தரவு எடுக்கப்படுகிறது' என்று வரும். மங்கலான நான்கைந்து படங்கள் தெரியும். பிறகு 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்' என்று கேட்டு, சர்வே நிரப்பவோ வேறு செயலியை நிறுவவோ சொல்லும். ஒவ்வொரு சர்வேக்கும் தளத்துக்காரருக்குக் கமிஷன் உண்டு. படம் மட்டும் கடைசிவரை வராது.

பாஸ்வேர்டு கேட்கும் செயலிகளைப் பற்றிச் சந்தேகத்துக்கே இடமில்லை. தனிநபர் கணக்குகளுக்கு மிச்சமிருந்த கடைசி அதிகாரபூர்வ ஏபிஐயையும் மெட்டா 2024 டிசம்பர் 4-ல் மூடிவிட்டது. இப்போது ஏபிஐ இருப்பது தொழில்முறைக் கணக்குகளுக்கு மட்டும். சாதாரணப் பயனரின் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டைத் தன் சொந்தத் திரையில் கேட்கும் எந்த வெளிச்செயலிக்கும் அதைக் கேட்கும் அனுமதி கிடையாது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் முதலில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அதே பாஸ்வேர்டு மின்னஞ்சலுக்கும் இருந்தால் அதையும். பிறகு, எந்தெந்தச் சாதனங்களில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, தெரியாதவற்றை வெளியேற்றி, இருகட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட வேண்டும். பூட்டிய கணக்கில் தங்களைச் சேர்த்துக்கொண்ட தோழிகளுக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் இதில் சேர்த்தி, ஏனென்றால் அவர்கள் படமும் அந்த லாகின் வழியாகப் போயிருக்கலாம். இந்தியாவில் இன்னொருவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்கீழ் குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் யாரும் புகார் பதியலாம். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் அழைக்கலாம்.